கவிழ்த்தா, மல்லாத்தியா?

நான் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். யார் சொன்னாலும் மாற மாட்டேன். என் மனைவியைத் தவிர வேறு யார் சொன்னாலும் என்று இங்கேயே திருத்திக்கொள்கிறேன். பத்திரிகைக்காரன், உண்மையைத்தான் எழுத வேண்டும்.

அன்று காலை முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது அந்த முடிவை எடுத்தேன். பாதிக் கன்னத்தில் நுரையோடு கண்ணாடியைப் பார்த்து அறிவித்தேன்: "இன்று முதல் வெட்டி விவாதங்களுக்கு எதிராகப் போர்!" கண்ணாடியில் இருந்தவன் உடனே ஒப்புக்கொண்டான். இந்த வீட்டில் நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்கிற ஒரே ஆள் அவன்தான். முகம் கழுவக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் பழுப்பாக வந்தது. போருக்குக் காரணமே அந்தத் தண்ணீர்தான்.

விஷயம் இதுதான். நான் ஒரு நாளிதழில் கருத்துப் பக்கத்தின் பொறுப்பாசிரியர். எங்கள் பகுதிக்கெல்லாம் தண்ணீர் தரும் உயரமான தொட்டி ஒன்று இருக்கிறது. துருப்பிடித்து, விரிசல் விட்டு, இருமுகிற கிழவரைப் போல நின்றுகொண்டிருந்தது. அதைப் பற்றி எழுதி, முதல் பக்கத்தில் வரவைத்து, அதிகாரிகளை ஓட ஓட விரட்டி, புதுத் தொட்டி வைக்கச் செய்கிறேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்காக நானே தொட்டியின் ஏணியில் ஏறிப் பார்த்தேன். தீயணைப்பு வண்டி வந்து என்னை இறக்கியது. அந்தப் பகுதி மட்டும் கட்டுரையில் இல்லை.

கட்டுரை தயாராகிப் பல நாளாகிறது. ஒவ்வொரு முறை அது முதல் பக்கத்துக்குப் போகும்போதும் ஏதாவது ஒரு வெட்டி விவாதம் குறுக்கே வந்து அதை வெளியே தள்ளிவிடும். கடைசியாகத் தள்ளியது இது: மாடிப்படி ஏறும்போது முதலில் எந்தக் காலை வைப்பது? யாரோ வேலையில்லாத ஒருவர் இணையத்தில் கேட்டாராம். வேலையுள்ளவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுப் பதில் சொன்னார்களாம். எங்கள் நாளிதழ் ஓர் எலும்பு டாக்டரையும், ஒரு நடன ஆசிரியையையும், லிஃப்ட் பழுது பார்க்கும் ஒருவரையும் பிடித்துக் கருத்துக் கேட்டு முதல் பக்கத்தில் போட்டிருந்தது. எந்தக் காலும் வேண்டாம், லிஃப்டில் வாருங்கள் என்று லிஃப்ட்காரர் சொல்லியிருந்தார்.

சாப்பாட்டு மேசையில் மனைவி கேட்டாள்.

"டேங்க் பேப்பர்ல வந்துச்சா?"

"நாளைக்கு."

"நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்னீங்க."

"நேத்து சொன்ன நாளைக்கு வேற. இது உறுதியான நாளைக்கு."

அவள் ஒரு கண்ணாடி டம்ளரைத் தூக்கிக் காட்டினாள்.

"இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

"டீ. கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கு."

"தண்ணிங்க. பத்து நிமிஷம் தெளிய வெச்ச தண்ணி."

சொல்ல இருந்த நகைச்சுவையை, அவள் முகத்தைப் பார்த்ததும், ரொட்டியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

"என்னோட பேனாவோட பலம் உனக்குத் தெரியாது," என்றேன்.

"ஏன் தெரியாது? அது சட்டைப் பையில மை கக்குனா துவைக்கிறது நான்தானே. அதுவும் இந்தத் தண்ணியில."

என் மனைவி குளிர்பதனப் பெட்டி செய்யும் நிறுவனம் ஒன்றில் புகார்ப் பிரிவின் மேற்பார்வையாளர். நாளெல்லாம் ஊரார் தொலைபேசியில் திட்டுவதைப் பொறுமையாகக் கேட்டு, கடைசியில் அவர்களையே நன்றி சொல்ல வைத்து அனுப்புவது அவள் வேலை. அந்தத் திறமை அலுவலகத்தோடு முடிந்துவிடுகிறது என்று நான் அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் அலுவலகக் கூடத்தின் நடுச்சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. எந்தச் செய்தியை இப்போது எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று அது காட்டிக்கொண்டே இருக்கும். முன்பு அந்த இடத்தில் கடிகாரம் இருந்தது. நேரத்தை யாரும் பார்ப்பதில்லை என்று எடுத்துவிட்டார்கள். திரைக்குக் காவல், இணையப் பிரிவின் தலைவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் 'மீட்டர்'.

"மீட்டர், முதல் பக்கம் கிடைக்கலைன்னு டேங்க் பத்தி என் பக்கத்துலயாவது சின்னதா ஒரு கட்டுரை போட்டேனே, எத்தனை பேர் படிச்சாங்க?"

"மூணு பேர் சார்."

"மூணா!"

"அதுல ஒண்ணு நீங்க. இன்னொண்ணு உங்க ஃபோன்லேர்ந்து நீங்க. மூணாவது ஆள் கை தவறித் தொட்டிருக்காரு. பதறிப்போய் உடனே வெளியே போயிட்டாரு."

"மாடிப்படி?"

அவர் திரையைப் பக்தியோடு நிமிர்ந்து பார்த்தார். எண் இடமில்லாமல் சின்ன எழுத்தில் நெருக்கிக்கொண்டு நின்றது.

நேரே ஆசிரியர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை. அவ்வளவு கோபம்.

"சார், இந்த ஊர்ல ஒரு டேங்க் இடிஞ்சு விழப்போகுது. நாம எந்தக் கால்னு கேட்டுக்கிட்டிருக்கோம்."

"விழட்டும், முதல் பக்கம் தர்றேன்," என்றார் ஆசிரியர், அமைதியாக.

"விழறதுக்கு முன்னாடி போடணும் சார்!"

"முன்னாடி போட்டா அது புலம்பல்யா. உக்காருங்க. டேங்க் பத்திப் பேசணும்னா என்ஜினீயர் வேணும். மாடிப்படி பத்திப் பேச கால் இருந்தாப் போதும். தப்பாச் சொன்னாலும் யாருக்கும் நஷ்டம் இல்ல. எந்த அதிகாரியும் என்னைக் கூப்பிட்டு மிரட்ட மாட்டாரு. போட்டிப் பேப்பர்ல வந்துடுச்சேன்னு நாம போடறோம். நாம போட்டுட்டோமேன்னு அவங்க திரும்பப் போடறாங்க. யாரு ஆரம்பிச்சாங்கன்னு தேடிப் பாத்தா அங்க ஒருத்தருமே இல்ல."

"அப்ப இது நியாயமா சார்?"

"நியாயம்னு யாரு சொன்னா? ஓடுதுன்னு சொன்னேன்."

நான் எழுந்து நின்றேன். இப்படிப்பட்ட வசனங்களை உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது.

"நான் உயிரோட இருக்கிறவரைக்கும் என் பக்கத்துல ஒரு வெட்டி விவாதமும் நுழையாது!"

"உங்க பக்கத்துல யாருமே நுழையறதில்லையே சார்," என்றார் வாசலில் நின்ற மீட்டர்.

மாலை வீட்டுக்கு வந்தேன். மனைவி சமையலறையில் ஃபோனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் தலையைக் கண்டதும் ஃபோனை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்லீங்க. உங்களுக்குப் பிடிக்காது."

"பிடிக்காதுன்னா கண்டிப்பாப் பாக்கணும். குடு."

தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். எங்கள் அடுக்ககத்துக்காரர்கள் பேசிக்கொள்ளும் ஃபோன் குழு. அதில் இவள் ஒரு படம் போட்டிருந்தாள். எங்கள் சமையல் மேடை. அடுப்பின் பக்கத்தில் ஒரு பாத்திர மூடி, கைப்பிடி கீழேயும் ஈரமான உட்புறம் மேலேயுமாக மல்லாந்து கிடந்தது. கீழே ஒரு கேள்வி: 'கொதிக்கிற பாத்திரத்தோட மூடியை எடுத்துக் கீழ வைக்கிறப்ப, கவுத்து வைக்கணுமா, மல்லாத்தி வைக்கணுமா?'

குழுவில் பெரிய வரவேற்பு ஒன்றும் இல்லை. ஒருவர் கட்டை விரலைக் காட்டியிருந்தார். இன்னொருவர் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லியிருந்தார். மேல் வீட்டு ஓய்வுபெற்ற நீதிபதி மட்டும் நீளமாக எழுதியிருந்தார்.

எனக்குத் தலைக்கு ஏறியது.

"காலையிலதான் இதுக்கு எதிராப் போர்னு அறிவிச்சேன். சாயங்காலம் என் வீட்டு அடுப்படியிலேயே முளைக்குதா?"

"அதான் காட்டலைன்னு சொன்னேன். விடுங்க. நீங்க பாட்டுக்கு இதைப் பத்திப் பேப்பர்ல எழுதிடாதீங்க."

"எழுதினா என்ன?"

"ஐயோ, வேண்டவே வேண்டாம். பாவம், ஜட்ஜ் ஐயா மனசு நொந்துபோவாரு."

"அவரு என்ன எழுதியிருக்காரு?"

"அது எதுக்கு இப்ப? மல்லாத்தி வைக்கிறதுதான் சரியாம். ஆவித் தண்ணி மூடிக்குள்ளயே நிக்குமாம், மேடை நனையாதாம். கவுத்து வைக்கிறவங்க யோசிக்கிற பழக்கம் இல்லாதவங்களாம்."

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுச் சமையல் என்னுடையது. நான் கவிழ்த்துத்தான் வைப்பேன். கைப்பிடி மேலே இருக்கும், திரும்ப எடுக்க வசதி. உட்புறத்தில் தூசி விழாது. அறிவியல். யோசிக்கிற பழக்கம் இல்லாதவனா நான்? சம்பளமே யோசிப்பதற்குத்தான் வாங்குகிறேன்.

"இந்த மாதிரி அற்ப விஷயங்களை ஒரேயடியா ஒழிச்சுக்கட்டணும். இன்னைக்கே எழுதறேன்."

"சொன்னாக் கேளுங்க."

"கேக்க மாட்டேன்."

"சரி, எழுதறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. அந்தப் படத்தை மட்டும் போட்டுடாதீங்க. நம்ம அடுப்படி மானம் போயிடும்."

"அதைத்தான் போடப்போறேன். பெருசாப் போடப்போறேன். எவ்வளவு அற்பமான படத்துக்கு ஊரே நேரத்தை வீணாக்குதுன்னு ஜனங்க கண்ணால பாக்கணும்!"

அவள் பெருமூச்சு விட்டாள். படத்தை எனக்கு அனுப்பினாள். ஊர் எங்கே நேரத்தை வீணாக்கியது, ஒரு நீதிபதிதானே வீணாக்கினார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கோபத்தில் இருக்கிற மனிதனுக்குக் கணக்கு வராது.

கட்டுரையில் அனல் பறந்தது. நானே சொல்லக்கூடாது, ஆனால் வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன். தொட்டி இடியப்போகிற ஊரில் மூடியைப் பற்றிப் பேசுகிறவர்களைக் கேள்விமேல் கேள்வி கேட்டிருந்தேன். பத்திரிகைகளை வெளுத்து வாங்கியிருந்தேன். என் சொந்தப் பத்திரிகையையும் விட்டுவைக்கவில்லை. எல்லாம் எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது கை அரித்தது. கடைசிப் பத்திக்கு முன்னால் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தேன்: 'அறிவுள்ள எவரும் மூடியைக் கவிழ்த்துத்தான் வைப்பார் என்பது வேறு விஷயம்.'

சேர்த்ததும் மனசு நிறைந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் அலுவலகத்துக்குள் நுழைந்தால் எல்லோரும் எழுந்து நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீட்டர் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"சார்! நீங்கதான் சார்! முதல் இடம்!"

"நானா?"

"மாடிப்படியை மிதிச்சுட்டு மேல போயிட்டீங்க சார்!"

கண் கலங்கியது. கடைசியில் நேர்மைக்கு ஒரு காலம் வந்துவிட்டது. தொட்டியைப் பற்றி நான் எழுதியது மக்களைத் தொட்டுவிட்டது. கீழே வந்திருந்த கருத்துகளைப் படிக்க உட்கார்ந்தேன்.

தொட்டியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பத்திரிகைகளைப் பற்றியும் பேசவில்லை. எல்லோரும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் பிடித்துத் தொங்கினார்கள். 'கவிழ்த்து வைக்கிறவர்களுக்கு மட்டும்தான் அறிவா?' என்றார் ஒருவர். 'இவர் வீட்டு மேடையை யார் துடைக்கிறார்கள் என்று கேளுங்கள்' என்றார் இன்னொருவர். 'படத்தில் மூடி மல்லாந்து கிடக்கிறதே, இவர் வீட்டிலேயே இவர் பேச்சுக்கு மதிப்பில்லை போலிருக்கிறது' என்று மூன்றாமவர் எழுதியிருந்தார். அதற்கு ஆயிரக்கணக்கானோர் சிரித்திருந்தார்கள். என் சக ஊழியர்கள் சிலரும் அதில் இருந்தார்கள்.

ஆசிரியர் என் தோளில் கைபோட்டார். இந்தப் பத்திரிகையில் சேர்ந்ததிலிருந்து அவர் என்னைத் தொட்டதில்லை.

"பிரமாதம்யா! நாளைக்கு இன்னொண்ணு எழுதுங்க. இதே கோவத்தோட!"

"சார், நான் இதைக் கண்டிச்சில்ல எழுதியிருக்கேன்?"

"தாராளமாக் கண்டிங்க. பாராட்டினா ஒரு கட்சிதான் படிக்கும். கண்டிச்சா ரெண்டு கட்சியும் படிக்கும்."

"நான் எழுத மாட்டேன்."

"எழுதலைன்னா மன்னிப்புக் கேட்டுட்டீங்கன்னு நினைப்பாங்க."

மன்னிப்பா? எழுதினேன். 'நான் பின்வாங்க மாட்டேன்' என்று தலைப்பு. போட்டிப் பத்திரிகை 'கவிழ்த்தவர் பின்வாங்கவில்லை' என்று போட்டது. தொலைக்காட்சியில் ஒரு சமையல் நிபுணரும் ஒரு பௌதிகப் பேராசிரியரும் மோதிக்கொண்டார்கள். பாத்திரக் கடை ஒன்று என் படத்தை வாசலில் தொங்கவிட்டதாகக் கேள்வி. தெருவில் முகம் தெரியாதவர்கள் என்னைப் பார்த்து உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார்கள். சிலர் மல்லாத்திக் காட்டினார்கள். நான் எல்லோரையும் முறைத்தேன். கவிழ்த்துக் காட்டியவர்களை மட்டும் கொஞ்சம் குறைவாக முறைத்தேன்.

வீட்டில் மனைவி வாயே திறக்கவில்லை. "சொன்னேன் பாத்தீங்களா" என்றுகூடச் சொல்லவில்லை. சாதாரணமாக அவள் அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் விடமாட்டாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் திருப்பம். 'நீதியின் நண்பன்' என்ற புனைபெயரில் ஒருவர் என் கட்டுரைக்குக் கீழே எழுதினார்: 'மூடி இருக்கட்டும். படத்தில் மூடிக்குப் பின்னால் ஒரு கண்ணாடி ஜக் இருக்கிறதே, அதற்குள் இருப்பது என்ன?'

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மைதான். மூடிக்குப் பின்னால் கண்ணாடி ஜக். அதில் முக்கால்வாசிக்குப் பழுப்பு. என் வீட்டு அடுப்படி, என் பக்கத்தில், அரைப் பக்க அளவுக்கு நானே போட்ட படம். அதில் மூடியைத் தவிர ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

மூடிச் சண்டையில் களைத்துப்போயிருந்த ஊர் இதைக் கண்டதும் புது உற்சாகத்தோடு எழுந்தது. காப்பி என்றது ஒரு கட்சி. டீதான், நிறத்தைப் பாருங்கள் என்றது இன்னொன்று. பழச்சாறு என்று ஒரு சிறுபான்மை. மருத்துவக் கஷாயம் என்று ஒரு வைத்தியர். மூடிக்கு வந்ததைவிட இரண்டு மடங்கு எண் வந்தது என்று மீட்டர் தழுதழுத்த குரலில் சொன்னார். எதிரிப் பத்திரிகை முந்திக்கொள்வதற்குள், எங்கள் ஆசிரியர் எங்கள் நிருபரையே எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். நானும் அவரோடு போய்ச் சேர்ந்தால் வாசலில் ஏற்கெனவே நான்கு பத்திரிகை, இரண்டு கேமரா.

நான் முன்னால் போய்த் தொண்டையைச் செருமினேன்.

"நண்பர்களே, இந்த அற்பமான விவாதங்களைப் பொறுத்தவரை..."

"சார், கொஞ்சம் தள்ளிக்குங்க, அம்மா மறையறாங்க," என்றார் கேமராக்காரர்.

தள்ளிக்கொண்டேன். மனைவி இஸ்திரி போட்ட புடவையில் நின்றிருந்தாள். வேலை நாளில், அந்த நேரத்தில், இஸ்திரி போட்ட புடவை. கையில் அதே ஜக்.

"அம்மா, ஒரே கேள்வி. ஜக்ல என்ன?"

"தண்ணிங்க."

கூட்டம் அப்படியே நின்றது.

"தண்ணியா? இந்தக் கலர்லயா?"

"குழாய்ல வர்றதே இந்தக் கலர்தாங்க. நம்பலைன்னா உள்ள வந்து திறந்து பாருங்க. எங்க வீட்ல மட்டும் இல்ல, இந்தப் பகுதி முழுக்க இதான். டேங்க் துருப்பிடிச்சு விரிசல் விட்டிருக்கு. புகார் குடுத்துக் குடுத்து எங்களுக்கு நம்பர்தான் சேருது. இந்தாங்க, யாராவது ஒரு வாய் குடிச்சுப் பாக்குறீங்களா?"

ஒருவரும் முன்வரவில்லை. ஊரே கருத்துச் சொன்ன ஜக்கை ஒருவரும் தொடவில்லை.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கம். ஜக்கோடு என் மனைவி. 'காப்பி அல்ல, குடிநீர்!' என்று எங்கள் தலைப்பு. என் தொட்டிக் கட்டுரையிலிருந்து நான்கு வரி உள்ளே ஒரு கட்டத்தில் வந்திருந்தது. என் பெயர் இல்லை. அதே பக்கத்தில் வேறோர் இடத்தில், 'இவரது கணவர் மூடியைக் கவிழ்த்து வைப்பவர்' என்று இருந்தது.

இதுவரை எங்கள் பகுதியின் பெயரே தெரியாதது போல இருந்த அதிகாரிகள் காரில் வந்து இறங்கினார்கள். அவர்களைப் பார்த்ததும் தொட்டியே வெட்கப்பட்டிருக்கும். பழையது இடிக்கப்பட்டது. புதுத் தொட்டி வரும்வரை லாரியில் நல்ல தண்ணீர். பிறகு புதுத் தொட்டி, புதுக் குழாய். முதல் நாள் குழாயைத் திறந்து தெளிந்த தண்ணீரைப் பார்த்தபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது. முகம் கழுவுகிற சாக்கில் அழுதேன்.

அன்று மாலை சமையலறையில் ஒரு சின்ன வெற்றி உரை ஆற்றினேன்.

"பாத்தியா? என் பேனாவோட பலம். கொடுத்த வாக்கைக் காப்பாத்திட்டேன்."

"ஆமாங்க. நீங்க இல்லைன்னா நடந்திருக்குமா?"

"தற்செயலா அந்த ஜக் அங்க இருந்தது. அதுவும் ஒரு அதிர்ஷ்டம்."

"பெரிய அதிர்ஷ்டம்," என்றாள் அவள், பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே.

அப்போது வாசல் மணி அடித்தது. மேல் வீட்டு நீதிபதி. முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, தண்ணி ஸ்படிகம் மாதிரி வருது! நீங்க சொல்லிக் குடுத்தபடியே 'யோசிக்கிற பழக்கம் இல்லாதவங்க'ன்னு எழுதினேன். சாருக்குச் சரியாக் கோவம் வந்துச்சா?"

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார்.

"ஜட்ஜ் ஐயா," என்றேன் மெதுவாக, "அந்த 'நீதியின் நண்பன்'?"

"அடுப்புல பால் வெச்சுட்டு வந்திருக்கேன்," என்று சொல்லிவிட்டு அவர் மாடிப்படி ஏறி ஓடினார்.

நான் மனைவி பக்கம் திரும்பினேன். அவள் கண்ணில் பயமே இல்லை. பயம் இல்லாத குற்றவாளியை விசாரிப்பது கடினம்.

"ஜக்கை நீதான் வெச்சியா?"

"பின்ன, தானா நடந்து வருமா?"

"யாரும் ஜக்கைப் பாக்கலைன்னா?"

"அதுக்குத்தானே ஜட்ஜ் ஐயா."

"நான் எழுதலைன்னா?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இதை முதல்லயே என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? 'வெட்டி விவாதம், என் கொள்கை'ன்னு குதிச்சிருப்பீங்க. எங்க ஆபீஸ்ல தினம் பாக்கறேங்க. 'உங்களுக்கு ஒரு நல்லது சொல்றோம்'னு கூப்பிட்டா ஃபோனை வெச்சுடறாங்க. 'நீங்க செய்யறது தப்பு'ன்னு சொல்லிப் பாருங்க, வைக்கவே மாட்டாங்க. டேங்க் ரிப்பேர்னு நீங்க எழுதினப்ப யாருக்கும் அதுல சண்டை போட ஒண்ணுமில்ல. எல்லாரும் 'ஆமா பாவம்'னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. சண்டை போட ஒண்ணு குடுத்தாத்தான் ஜனங்க நிப்பாங்க. நிக்கறப்ப பக்கத்துல இருக்கிறதையும் பாப்பாங்க."

"அப்ப என்னை வெச்சு..."

"உங்களை வெச்சுத்தான். ஊர்லயே சீக்கிரம் கோவப்படறவரு நம்ம வீட்லயே இருக்காரு, வெளிய எதுக்குத் தேடணும்?"

ஒரு மனைவி கணவனுக்குத் தண்ணி காட்டியதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழுப்புத் தண்ணியை ஜக்கில் ஊற்றி, படம் பிடித்து, அவன் கையாலேயே அச்சடிக்க வைத்துக் காட்டியதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். தெளிந்த தண்ணீரில் அவள் பாத்திரம் கழுவுவதைப் பார்த்தால் கோபம் எங்கே வரும்? ஆனால் ஓர் ஆண்பிள்ளை இப்படிப்பட்ட நேரத்தில் ஏதாவது முடிவு எடுத்தாக வேண்டும். எடுத்தேன்.

"இனிமே நீ தலைகீழா நின்னாலும் எந்த வெட்டி விவாதத்தைப் பத்தியும் நான் ஒரு வரி எழுத மாட்டேன். இது உறுதி."

"சரிங்க," என்றாள்.

உடனே ஒப்புக்கொண்டாள். நான் ஓர் அடி பின்வாங்கினேன்.

கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள். "சும்மா பாருங்க, எழுத வேண்டாம்," என்று ஒரு படத்தைக் காட்டினாள். எங்கள் வாசல். நனைந்த குடை ஒன்று விரித்தபடி காய்ந்துகொண்டிருந்தது. கீழே, 'குடையை விரித்துக் காயவைப்பதா, மடக்கித் தொங்கவிடுவதா?' குடைக்குப் பின்னால் தெரு. தெருவின் நடுவில், போன மழையில் நீதிபதியின் ஒரு செருப்பை விழுங்கிவிட்டு இன்னும் திருப்பித் தராத பெரிய பள்ளம்.

"எழுத மாட்டேன்!" என்று கத்தினேன்.

"எழுதவே வேண்டாம். ஆனா மூடியைப் பத்தி அவ்வளவு எழுதின மனுஷன், குடைன்னதும் வாயை மூடிக்கிட்டா ஜனங்க என்ன நினைப்பாங்க? பயந்துட்டாருன்னுதானே நினைப்பாங்க?"

"பயமா? எனக்கா?"

"அதான் எனக்கும் கஷ்டமா இருக்கு. ஒண்ணு பண்ணுங்க. ஏன் எழுத மாட்டேன்னு மட்டும் ஆரம்பத்துலேர்ந்து விளக்கமா எழுதிடுங்க. பக்கத்துல இந்தப் படத்தைப் பெருசாப் போட்டுடுங்க."

அதைத்தான் இவ்வளவு நேரமாக நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.